எதிர்வீட்டு அக்காவின் தயிர்ச்சட்டி

எதிர்வீட்டு அக்கா யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசி நான் அதிகம் கண்டதில்லை. கையைப் பார்த்துத்தான் பேசுவாள். ஒருவர் கை சும்மா இருந்தால் அவளுக்குப் பொறுக்காது. அதுவும் பயந்துபோய் நிற்கிறவர்களின் கை சும்மா இருந்துவிட்டால் எங்கிருந்தாவது எதையாவது கொண்டுவந்து அதில் வைத்துவிடுவாள். கூடவே ஒரே ஒரு வாக்கியம். "இதக் கொஞ்சம் பிடிளா, வாரேன்."

பாளையங்கோட்டையில் நாங்கள் வீடு மாறி வந்த அன்றைக்கே எனக்கு அது கிடைத்துவிட்டது. லாரியிலிருந்து பீரோவை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆள் உயரக் கண்ணாடி வைத்தது, என் கல்யாணத்துக்கு அப்பா செய்து கொடுத்தது. கண்ணாடி உடையப்போகிறது, இல்லையென்றால் யார் காலிலாவது பீரோவே விழப்போகிறது என்று நான் தெருவில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். எதையும் முன்கூட்டியே பயந்து வைத்துக்கொள்வது என் சுபாவம். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தலைமுடி பாதி நரைத்த ஒரு பெண் நேராக என்னிடம் வந்து, நீ யார், எந்த ஊர் என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல், காலைக் கட்டிய உயிர்க்கோழி ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதற்கு முன்பு நான் கோழியைத் தொட்டதே இல்லை. அது சிறகை அடித்தது, கழுத்தை வளைத்து என் வளையலைக் கொத்தியது. அதை ஒரு வழியாக அடக்கி நிமிர்ந்து பார்த்தபோது பீரோ வீட்டுக்குள் பத்திரமாக நின்றுகொண்டிருந்தது. அக்கா வந்து கோழியை வாங்கிக்கொண்டாள்.

"நல்ல பீரோ. தேக்கா?" என்றாள்.

கோழியை எதற்குக் கொடுத்தாள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. அவளுக்குக் கோழியைக் கட்டிப்போட ஒரு முற்றம் இருந்தது, முற்றத்தில் ஒரு கூடும் இருந்தது.

ஒரு மார்கழியில் குளம் உடைந்து எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. மாடி இருந்த வீடு அக்காவுடையது மட்டும்தான். தெரு முழுக்க அங்கே ஏறிக்கொண்டோம். மின்சாரம் கிடையாது, போன் கிடையாது. குழந்தைகளைவிடப் பெரியவர்கள்தான் அதிகம் அழுதோம். அக்கா ஒரு மூட்டையை இழுத்துவந்து நடுவில் கொட்டினாள். ஓடு உடைக்காத புளி. அவளுடைய தம்பி களக்காட்டிலிருந்து கொடுத்துவிட்டது. எல்லாரையும் சுற்றி உட்காரவைத்துப் புளி ஆயச் சொன்னாள். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருக்கும் அண்ணாச்சி மட்டும் படிக்கட்டில் நின்று, தண்ணீர் ஏறுவதைப் பார்த்து எங்களுக்கு அறிவித்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டாவது படிக்கு வந்துட்டு! ஏ, ரெண்டாவது படிக்கு வந்துட்டு!"

"வந்தா வரட்டும் அண்ணாச்சி," என்றாள் அக்கா. "உம்ம கையில இருக்க புளியில ஓடு அப்படியே கிடக்கு, அதப் பாரும்வே."

மறுநாள் படகில் பார்வையிட வந்த அதிகாரி கையிலும் ஒரு புளி உருண்டையைக் கொடுத்துவிட்டாள். அதைக் கீழே வைப்பதா சட்டைப்பையில் போடுவதா என்று தெரியாமல், அவர் உருட்டிக்கொண்டே எங்கள் குறைகளை விசாரித்துவிட்டுப் போனார். வெள்ளம் வடிந்தது. எங்கள் தெருவில் அதன்பிறகு ரொம்ப நாளைக்கு யாரும் புளி வாங்கவில்லை.

முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்தால் வம்பும் வரும். நாங்குநேரியில் ஒரு கல்யாணத்துக்கு நாங்கள் எல்லாரும் சேர்ந்து போயிருந்தோம். பந்தியில் ஆள் போதவில்லை. சாப்பாட்டு அறை வாசலில் பட்டு வேட்டி கட்டிய பையன் ஒருவன் விழித்துக்கொண்டு நிற்பதை அக்கா பார்த்தாள். சாம்பார் வாளியை அவன் கையில் கொடுத்தாள். அவனும் மறுபேச்சுப் பேசாமல் ஒரு வரிசை முழுக்க ஊற்றிக்கொண்டு போனான். பெண்ணின் அப்பாவுடைய இலைக்கு வந்தபோதுதான் அவர் நிமிர்ந்து பார்த்து, "ஐயையோ, மாப்பிள்ளை!" என்று எழுந்து நின்றுவிட்டார்.

"மாப்பிள்ளைன்னு நெத்தியிலயா எழுதி ஒட்டியிருக்கு?" என்றாள் அக்கா. "கை நடுங்கிக்கிட்டு நின்னுச்சு. குடுத்தேன். இப்ப பாரு, நடுங்குதா?"

நடுங்கவில்லை என்பது உண்மைதான்.

இந்தக் கூத்தெல்லாம் போகட்டும். கப்பல் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது. 

போன வருஷக் கோடை. என் மகள் பிளஸ் ஒன் முடித்திருந்தாள். ஒரே பிள்ளை. வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பக்கம் காங்கேசன்துறைக்குக் கப்பல் விடுகிறார்கள், காலையில் ஏறினால் மத்தியானம் வெளிநாடு என்று என் வீட்டுக்காரர் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். "நானும் வாரேன்" என்றாள் அக்கா. அவளிடம் ஏற்கெனவே பாஸ்போர்ட் இருந்தது. எப்போது எடுத்தாள், எதற்கு எடுத்தாள் என்று யாருக்கும் தெரியாது.

போகும்போது கடல் குளத்துத் தண்ணீர் மாதிரி கிடந்தது. ஐந்து நாள் சுற்றினோம். பனங்கட்டி வாங்கினோம், தொதல் என்று அல்வா மாதிரி ஓர் இனிப்பு வாங்கினோம், நல்லூரில் கும்பிட்டோம். திரும்புகிற அன்று காலையில் அக்கா ஒரு காரியம் செய்தாள். துறைமுகத்துக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தி, ஒரு பெரிய மண்சட்டி நிறைய எருமைத் தயிர் வாங்கினாள். அங்கே தயிரை அப்படித்தான் விற்கிறார்கள். சட்டியிலேயே உறைய வைத்து, மேலே ஒரு தாளைக் கட்டி. கவிழ்த்தால்கூடக் கொட்டாது என்று கடைக்காரர் சொன்னார்.

"பாளையங்கோட்டை வரைக்கும் தயிரா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"தெருவுல எல்லாருக்கும் என்னத்தக் குடுப்பேன் தம்பி? வெறுங்கையோட போயி இறங்கச் சொல்லுதியளா?"

கப்பல் கிளம்பியபோது வெயில் அடித்தது. பாதிக் கடலில் காற்று மாறியது. நான் பள்ளியில் பூகோளம் எடுக்கிறவள். காற்று எங்கிருந்து எங்கே வீசுகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் பயம் குறையும் என்பார்கள். எனக்குக் கூடியது. கப்பல் ஒரு பக்கம் சரிந்து, நின்று யோசித்து, மறுபக்கம் சரிந்தது. வரிசை வரிசையாக ஆட்கள் வாந்தி எடுக்க ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரர் முன்னெச்சரிக்கையாக மாத்திரை போட்டுக்கொண்டு, மிதவைச் சட்டையைத் தலையணையாக வைத்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா எப்போதோ இருக்கையை விட்டு எழுந்து போய்விட்டாள். வாந்தி எடுக்கிறவர்களின் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, துண்டு நனைத்துக்கொண்டு, வரிசைகளுக்கு நடுவே தட்டுத்தடுமாறி நடந்துகொண்டிருந்தாள்.

பாப்பா, "டீசல் நாத்தம் தாங்கலம்மா, வெளித்தளத்துல காத்து வாங்கிட்டு வாரேன்" என்று துப்பட்டாவால் தலையையும் மூக்கையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு போயிருந்தாள். அது காற்று மாறுவதற்கு முன்பு. கொஞ்ச நேரம் கழித்துக் கப்பல் பையன்கள் வெளித்தளத்துக் கதவைப் பூட்டுவதைப் பார்த்தேன். பாப்பா வரவில்லை.

கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஈரத்தளம், ஒரு கம்பி, கம்பிக்கு அந்தப்பக்கம் கடல் எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது. ஆள் யாரும் இல்லை.

வீட்டுக்காரரை உலுக்கினேன். "பாப்பாவக் காணும்!"

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "இங்கனதான் எங்கயாவது இருப்பா. கப்பல விட்டு எங்க போவா?"

"அதத்தானே நானும் கேக்கேன்!"

அதற்குள் கண் மூடிவிட்டது. மாத்திரை அப்படி. நான் அக்காவிடம் ஓடினேன். ஒரு பெரியவரின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பாப்பாவப் பாத்தியளா?"

"பாக்கலியேளா. உங்கூடல்லா இருந்தா?"

அவ்வளவுதான். அக்கா குனிந்து என் கைகளைப் பார்த்தாள். அவை என்ன செய்துகொண்டிருந்தன என்று எனக்குத் தெரியாது. இருக்கைக்கு அடியிலிருந்து தயிர்ச்சட்டியை எடுத்து அந்தக் கைகளில் வைத்தாள்.

"இதப் பிடி. தாளு அவுந்துட்டு, ஆட்டத்துல தயிரும் கலங்கிட்டு, சாய்ச்சிராத. நீ பைய நடந்து அந்தப் பக்கமாத் தேடு, நான் இந்தப் பக்கம் பாக்கேன்."

பிள்ளையைக் காணாத ஒருத்தி, ஆடுகிற கப்பலில், தயிர்ச்சட்டியோடு தேடுவதை நினைத்துப் பாருங்கள். எறிந்துவிட்டு ஓடியிருக்கலாம். ஏன் எறியவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. கப்பல் இடப்பக்கம் சாய்ந்தால் சட்டியை வலப்பக்கம் தூக்கினேன். வலப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கம். கம்பியை நினைப்பேன், கம்பிக்கு அப்பால் கடலை நினைப்பேன். அந்த நேரம் பார்த்துத் தயிர் விளிம்புக்கு வரும். உடனே நான் தயிரைக் கவனிக்க வேண்டும். ஒழுங்காக ஒரு பயம் பயப்படக்கூட அந்தத் தயிர் எனக்கு நேரம் கொடுக்கவில்லை.

ஆட்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் தன்னுடைய வாந்திப் பையை ஒரு கையில் பிடித்துக்கொண்டே மறுகையால் என் முழங்கையைத் தாங்கினார்.

"கவனம் பிள்ளை, கவனம். தயிரோ?"

"ஐயா, நீலச் சுடிதார் போட்ட ஒரு பிள்ளையப் பாத்தீங்களா? பதினாறு வயசு."

"நீலமோ... ஒரு பிள்ளை கைக்குழந்தையோட கீழ போனதைக் கண்டனான்."

"இல்லய்யா, என் பிள்ளைகிட்டக் குழந்தையெல்லாம் இல்ல," என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனேன்.

கப்பல் பையன் ஒருவன் வந்தான். "மேடம், நடக்கக் கூடாது, உக்காருங்க." வெளித்தளத்தைப் பூட்டும்போது அங்கே யாராவது இருந்தார்களா என்று கேட்டேன். பார்த்துவிட்டுத்தான் பூட்டினோம் என்றான். நன்றாகப் பார்த்தீர்களா என்றேன். நன்றாகத்தான் என்றான். அதற்கு முன்பே ஏதாவது நடந்திருந்தால் என்று கேட்க நினைத்தேன். அவன் என் முகத்தையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். "கீழ முதலுதவி ரூம் ஒண்ணு இருக்கு, அங்க பாத்தீங்களா?" என்று கேட்டு, படியில் எனக்கு முன்னால் இறங்கினான்.

சின்ன அறை. சுவரோரம் ஒரு படுக்கையில் இளம்பெண் ஒருத்தி துவண்டு கிடந்தாள். அவள் காலடியில், முதுகைச் சுவரில் சாய்த்து, இரண்டு காலையும் எதிரே இருந்த பெட்டியில் ஊன்றிக்கொண்டு, துப்பட்டாவுக்கு மேல் இரண்டு கண் மட்டும் தெரிய, என் பாப்பா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கைக்குழந்தை.

"அம்மா, சத்தம் போட்டுராத. இப்பதான் தூங்குது."

அவளை அறையத்தான் முதலில் தோன்றியது. அடுத்த நொடி கட்டிக்கொள்ளத் தோன்றியது. இரண்டுக்கும் கை வேண்டும். என் கையில் தயிர், அவள் கையில் குழந்தை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கப்பலோடு சேர்ந்து ஆடினோம். எனக்குக் கண்ணீர் இறங்கியது. துடைக்கவும் கை இல்லை.

"ஏம்மா அழுத? கையில என்ன அது, தயிரா?" என்று பாப்பா கேட்டாள். பிறகு வாயை இறுக்கிக்கொண்டு, குழந்தை எழுந்துவிடாமல், உடம்பு குலுங்கச் சிரித்தாள்.

யார் குழந்தையைக் கொடுத்தது என்று கேட்டேன்.

"எதிர்வீட்டுப் பெரியம்மாதான். நான் வெளிய இருந்து உள்ள வாரேன், 'இதப் பிடி, நான் வாரவரைக்கும் அசையாத'ன்னு குடுத்துட்டுப் போயிட்டாங்க. இதோட அம்மாவக் கீழ கொண்டுவந்தாங்க, நானும் கூட வந்தேன். பெரியம்மா உங்கிட்டச் சொல்லலியா?"

எனக்குத் தலைக்குள் தீப்பிடித்தது. சட்டியோடு மேலே ஏறினேன். அக்கா பின்வரிசையில், இருக்கைகளுக்கு அடியில் குனிந்து என் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா! அந்தக் கைக்குழந்தைய யாருகிட்டக் குடுத்தீங்க?"

"எந்தக் குழந்தை? அதுவா? யாரோ ஒரு பிள்ளை. மூஞ்சிய மூடியிருந்துச்சு. கதவுகிட்ட பயந்துபோயி நின்னுச்சு, கை வெறுங்கையா இருந்துச்சு, குடுத்தேன். நல்ல பிள்ளைளா, மறுபேச்சுப் பேசல."

"அது என் பிள்ளக்கா!"

அக்கா நிமிர்ந்தாள். பழகிய இத்தனை வருஷத்தில் அன்றுதான் அவள் என் முகத்தை முழுசாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். அவள் வாய் கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அதான பாத்தேன்," என்றாள். "பழகுன கையாட்டம் இருக்கேன்னு நினைச்சேம்ளா."

எனக்கு வந்ததே சிரிப்பு. அந்த யாழ்ப்பாணத்துப் பெரியவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. "நான் அப்பவே சொன்னனான்" என்று பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டே அவரும் சிரித்தார்.

கரைக்குக் கிட்ட வந்ததும் கடல் அடங்கியது. வெளித்தளத்துக் கதவைத் திறந்துவிட்டார்கள். நான் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய தயிரை அக்கா என்ன செய்தாள் தெரியுமா? இருக்கிற தண்ணீர் பாட்டில்களையெல்லாம் வாங்கி அதில் ஊற்றிக் கரைத்து, பையிலிருந்து உப்பை எடுத்துப் போட்டு, வாந்தி எடுத்துக் களைத்த ஆட்களுக்கெல்லாம் மோராகக் கொடுத்துவிட்டாள். ஊற்றிக்கொடுக்கிற வேலை எழுந்து உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரருக்கு. அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. "நல்ல தூக்கம்" என்று மோர் கொடுத்த ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு போனார்.

குழந்தையின் அம்மா பாப்பாவை விடவே இல்லை. அவளுடைய கன்னத்தைத் தடவி, "உன்ர பேர் என்னம்மா, எங்கட ஊருக்கு இன்னொருக்கா வரவேணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கரை ஒரு கோடாகத் தெரிந்தது. அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். கடலைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"எங்க வீட்டுக்காரர ஆஸ்பத்திரியில உள்ள கொண்டுபோயிட்டாவ. என்னைய வாசல்ல நிப்பாட்டிட்டாவ. செருப்பு, பை எல்லாத்தையும் என் தம்பி வாங்கி வச்சிக்கிட்டான். நல்லதுன்னு நினைச்சுத்தான் வாங்குனான். கையத் தொங்கப்போட்டுக்கிட்டு விடியவிடிய நின்னேன். வெறுங்கை இருக்கே, அது தூக்க முடியாத கனம்ளா."

"சரி, அந்தச் சட்டியக் கழுவி வையி. நல்ல சட்டி" என்று காலிச்சட்டியை என் கையில் கொடுத்துவிட்டு இறங்குவதற்குப் போனாள்.

சட்டி இப்போது என் அடுக்களையில் இருக்கிறது. அக்கா எதிர்வீட்டில் இல்லை. கடந்த தையில் ஓசூரில் இருக்கும் மகன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான். எதிர்வீட்டில் இப்போது பூட்டு தொங்குகிறது. நானும் மாறிவிடவில்லை. வகுப்பில் படத்தைத் தொங்கவிட்டுப் பாக் நீரிணையைக் காட்டும்போது என் கைக்குச்சி அங்கே நிற்காமல் தாண்டிவிடுகிறது. பாப்பா குளியலறையில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டால்கூடக் கதவைத் தட்டுகிறேன்.

அந்தப் பாப்பாதான் போன வாரம் கல்லூரிக்குப் போனாள். டெல்லியில் இடம் கிடைத்திருக்கிறது. கொண்டுபோய்ச் சேர்க்க அவள் அப்பா கூடப் போனார். எனக்குப் பள்ளியில் விடுப்பு இல்லை. ஜங்ஷனில் ரயில் கிளம்பி, ஜன்னலில் அவள் கை ஆடி, கடைசிப் பெட்டியும் போய்விட்டது. வழியனுப்ப வந்தவர்கள் எல்லாரும் கலைந்தார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். இரண்டு கையும் தொங்கின. அக்கா சொன்ன கனம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவளுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, பாப்பா போயிட்டாக்கா."

எனக்குத் தெரியும், எதையாவது எடுத்துக் கொடுக்க அக்காவின் கை தேடுகிறது, ஓசூரிலிருந்து எட்டவில்லை.

"ஏளா, கையில என்ன வச்சிருக்க?"

"ஒண்ணுமே இல்லக்கா."

"பின்ன இந்தப் போன காலாலயா பிடிச்சிருக்க?" என்றாள். "நல்லாப் பிடி. கீழ வச்சிராத. வீடு போயிச் சேருத வரைக்கும் பேசிக்கிட்டே வா."